முன் சீட்டுப் பிள்ளை

றஹீம் உயிரோடு இருந்து பஸ் ஓட்டிய காலத்தில், பதுளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு அந்த பஸ்ஸில் ஆட்கள் மட்டும் வந்ததில்லை. ஆஸ்பத்திரி மருந்து வரும். தைக்கக் கொடுத்த சட்டை வரும். பழுது பார்த்த மிக்சி வரும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று, கால் கட்டப்பட்டு, றஹீமின் காலடியில் கூவிக்கொண்டே வந்ததும் உண்டு. அனுப்புகிறவர் பதுளை பஸ் நிலையத்தில் சாமானை நீட்டி இன்னாருக்கு என்று சொல்வார். வாங்குகிறவர் ஹல்துமுல்லைச் சந்தியில் நிற்பார். கைமாறும்போது யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படித்தான் ஜெயகுமாரின் மகள் யதுஷாவும் மூன்று வருசமாக வந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஜெயகுமார் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்ப்பவன். சிவசக்தி அதே தோட்டத்தில் பிறந்து, றஹீமின் பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் போய், கல்யாணத்துக்குப் பிறகு தாதியர் பயிற்சி முடித்து, பதுளையில் ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்தவள். அவர்களுக்குள் குடி இல்லை, கைநீட்டல் இல்லை. படிக்கப் போ என்று சொன்னவன் அவன்தான். படித்து வந்தவளோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் போனவனும் அவன்தான். முதலில் பேச்சு குறைந்தது. அப்புறம் பேச்சு வந்தாலே சண்டையாக வந்தது. பிள்ளைக்கு ஐந்து வயதானபோது விவாகரத்தாயிற்று. பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும், ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் தகப்பனிடம் வந்து ஞாயிறு பின்னேரம் திரும்ப வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

யார் கொண்டுவந்து விடுவது, யார் கூட்டிக்கொண்டு போவது என்று ஒருவரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. முதல் சனிக்கிழமை சிவசக்தி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றாள். அந்தத் தோட்டத்து மண்ணை இனி மிதிப்பதில்லை என்று பலர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவள். ஏறுவதா வேண்டாமா என்று அவள் நிற்பதைப் பார்த்த றஹீம், நீங்க டியூட்டிக்குப் போங்க தங்கச்சி, நா கொண்டுபோய் எறக்குறேன் என்றார். என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றைச் சீட்டில் பிள்ளையை உட்கார வைத்தார். அன்றிலிருந்து அது அவளுடைய சீட் ஆயிற்று. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், முன் சீட்டுப் பிள்ளை வருது, எழும்புங்க என்பார் றஹீம். பெரிய மனிதர்களும் எழும்பினார்கள்.

பஸ் புறப்பட்டதும் சிவசக்தி கைபேசியில் 'ஏத்தியாச்சு' என்று அனுப்புவாள். ஹல்துமுல்லையில் ஜெயகுமார் 'எறக்கியாச்சு' என்று அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை இவன் ஏற்றுவான், அவள் இறக்குவாள். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவர்களுக்குள் எதுவும் போய் வரவில்லை.

யதுஷா வந்து இறங்கும்போதெல்லாம் அவளுடைய ஸ்வெட்டர் கழுத்துவரை பொத்தான் போடப்பட்டிருக்கும். நல்ல வெயிலிலும் அப்படித்தான். முகம் கழுவி, முன் முடி ஈரமாக ஒட்டியிருக்கும். தோட்டத்து லய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் கேள்வி, அப்பா என்ன சாப்பாடு என்பதுதான். ரொட்டியும் சம்பலும் வைத்தால், பசி பொறுக்காத பிள்ளை தின்பதுபோல் தின்பாள். காலையில் அம்மா சாப்பிடத் தரவில்லையா என்று ஜெயகுமார் கேட்டால், தட்டைப் பார்த்துக்கொண்டே தந்தா என்பாள். அந்தத் 'தந்தா'வை அவன் நம்பியதில்லை. விடியற்காலை வேலைக்கு ஓடுகிறவளுக்குப் பிள்ளையின் வயிற்றைப் பார்க்க நேரம் எங்கே என்று மனதில் ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டான்.

பிள்ளையின் எட்டாவது வயதில்தான் வவுனியாப் பேச்சு வந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த தாதிமார் தேவைப்பட்டார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டுப் போய் வவுனியாவில் குடியேறிய சித்தி குடும்பம் சிவசக்திக்கு அங்கே இருந்தது. தங்குவதற்கு வீடு உண்டு, அவள் இரவு வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டு. அவளே கேட்டு இடமாற்றம் வாங்கினாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டு நீதிமன்றத்திலும் போட்டாள். ஜெயகுமாருக்கு அது அவளுடைய சட்டத்தரணியின் அறிவித்தலாகத்தான் தெரிய வந்தது.

அவன் யாரிடமும் சத்தம் போடவில்லை. தொழிற்சாலையில் ஒரு மோட்டரைக் கழற்றி, ஒன்றும் பழுதில்லாத அதைத் துடைத்து, திரும்பவும் பூட்டினான். வவுனியா எங்கே இருக்கிறது என்பது அவனுக்கு ஓரளவுக்குத்தான் தெரியும். மலை முடிந்து, காடு வந்து, அதற்கும் அப்பால். அங்கே போய்விட்டால் ஒன்றுவிட்ட சனிக்கிழமை என்பது கிடையாது. வருசத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வந்து, யாரோ ஒரு மாமா வீட்டுக்கு வந்த பிள்ளைபோல் ஓரமாக நிற்பாள். அதைத்தான் அவனால் நினைக்க முடியவில்லை.

பதுளையில் சிற்றம்பலம் என்ற சட்டத்தரணியிடம் போனான். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரிக்குக் கிளார்க்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகனுக்குப் பதுளையில் பிறந்தும் பேச்சு மட்டும் ஊர் மாறவில்லை.

"தாய் பிள்ளையைப் பாக்கிறதில ஏதும் குறை இருக்கோ தம்பி? யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

பசியோடு வருகிறாள் என்றான் ஜெயகுமார். அதைக் குறித்துக்கொண்டவர், எப்படி வருகிறாள் என்று கேட்டார். பஸ்ஸில், றஹீம் நானா கொண்டுவந்து இறக்குவார் என்று சாதாரணமாகச் சொன்னான். சிற்றம்பலம் தலையை நிமிர்த்தினார்.

"தாய் கூட வாறேல்லையோ?"

"இல்லைங்க சார்."

"எட்டு வயசுப் பொம்பிளைப் பிள்ளை தனிய."

"தனியா இல்லைங்க. றஹீம் நானா இருக்காருல்ல."

"அவர் உங்களுக்கு என்ன முறை?"

 றஹீம் யாருக்கும் என்ன முறையும் இல்லை. பஸ் ஓட்டுகிறவர். அவர் பஸ்ஸில் இரண்டு தலைமுறை ஏறி இறங்கியிருக்கிறது என்பதை எந்த உறவில் சேர்ப்பது என்று அவன் அதுவரை யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்தானே சார் ஏற்றி அனுப்புகிறேன் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். அதை நாங்கள் சொல்லத் தேவையில்லை, அந்தப் பக்கம் கேட்டால் அப்போது பார்க்கலாம் என்றார் சிற்றம்பலம். வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிய ஜெயகுமார், திரும்பப் போய் அதையும் சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தான். பிள்ளை போய்விடும் என்ற நினைப்பு வந்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

றஹீமிடம் அவனே போய்ச் சொன்னான். கோட்டுக்கு ஒருநாள் வர வேண்டும், பிள்ளையை நீங்கள்தான் கொண்டுவந்து இறக்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். எதற்காக என்பதைச் சொல்லவில்லை. பிள்ளை தகப்பனைப் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று றஹீமாகவே எடுத்துக்கொண்டார். பஸ்ஸை அன்றைக்கு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, பெருநாளைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

நீதிபதி நடுவயதுப் பெண். வழக்கு சிங்களத்தில் நடந்தது. றஹீமின் சிங்களம் பதுளைக் கடைத்தெருச் சிங்களம், தடை இல்லாமல் ஓடும். சிற்றம்பலம் கேட்ட முதல் இரண்டு மூன்று கேள்விகளுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். தாய் எப்போதாவது கூட வந்திருக்கிறாளா? இல்லை. வேறு உறவுக்காரர் யாராவது? இல்லை. பஸ்ஸில் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? நான்தான் என்று நெஞ்சில் கை வைத்தார். அப்படியானால் நீங்கள் ஓட்டும்போது ரோட்டைப் பார்ப்பீர்களா, பிள்ளையைப் பார்ப்பீர்களா என்று சிற்றம்பலம் கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த பஸ்ஸில் மரக்கறியும் சேவலும் வருவது உண்மையா என்று அடுத்த கேள்வி. உண்மை. அவற்றோடுதான் இந்தப் பிள்ளையையும் தாய் அனுப்பினாள், இல்லையா?

றஹீமுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் சிற்றம்பலத்தைப் பார்க்கவில்லை. ஜெயகுமாரைப் பார்த்தார். ஜெயகுமார் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவசக்தியின் சட்டத்தரணி எழுந்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஏற்றிவிடுவது யார் என்று ஒரே கேள்வி கேட்டார். றஹீம் சொன்னார். சேவல் விசயம் அதோடு இரண்டு பக்கத்துக்கும் சமமாயிற்று.

அப்போது நீதிபதி தானாக ஒன்று கேட்டார். இவ்வளவு காலத்தில் அந்தப் பிள்ளைக்கு உங்கள் பஸ்ஸில் ஏதாவது நடந்ததா?

 உண்மையைத்தான் சொல்வேன் என்று சற்று முன்புதான் சத்தியம் செய்திருந்தார். வேறொரு சத்தியமும் அவர் செய்து கொடுத்திருந்தார். இரண்டில் எதைப் பிடிப்பது என்று அவர் கூண்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

வாந்தி எடுப்பாள் என்றார் கடைசியில்.

எப்போதாவதா என்று நீதிபதி கேட்டார். இல்லை, ஒவ்வொரு தடவையும். சனிக்கிழமை வரும்போது அப்புத்தளையை நெருங்கும் வளைவில். ஞாயிற்றுக்கிழமை போகும்போது பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகையில். காலையில் தின்றது முழுவதும் வந்துவிடும். அவர் சொப்பிங் பேக்கும், மோந்து பார்க்கத் தேசிக்காயும் முன்னால் வைத்திருப்பார். அப்புத்தளையில் நிறுத்தி, கடைக்குப் பின்னால் தண்ணீர் விழும் பீலியில் முகத்தைக் கழுவி விடுவார். சட்டையில் பட்டிருந்தால் பிள்ளையே ஸ்வெட்டரைப் போட்டுப் பொத்தானை மேலே வரை பூட்டிக்கொள்ளும்.

இதைத் தாயிடமும் தகப்பனிடமும் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் நீதிபதி. அதற்கு மட்டும் றஹீமுக்குச் சிங்களம் வரவில்லை. தமிழிலேயே சொன்னார், மொழிபெயர்ப்பாளர் காத்திருந்து சொன்னார்.

"சொல்ல வேணாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாம்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சா அம்மாவ ஏசுவாரு, அம்மாவுக்குத் தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்கன்னு சொன்னா. சின்னப் பிள்ள. நா என்ன செய்ய?"

நீதிபதி இரண்டு பக்கத்துச் சத்தியக் கடதாசிகளையும் எடுத்துப் பார்த்தார். தாய் காலையில் சாப்பாடு கொடுப்பதில்லை, பிள்ளை பசியோடு வருகிறது என்று ஒன்றில் இருந்தது. தகப்பன் கண்டதையும் கொடுக்கிறார், பிள்ளை வெளிறி, வாடிப்போய், ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் படுத்துவிடுகிறது, அழுக்கு உடுப்போடு வருகிறது என்று மற்றதில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாந்தியைத்தான் ஆளுக்கொரு பக்கம் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஜெயகுமார் நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கத்தில் சிவசக்தியும் நிமிர்ந்திருந்தாள். மூன்று வருசத்துக்குப் பிறகு அவர்கள் முகத்தோடு முகம் பார்த்தார்கள். அவளுடைய முகத்திலும் அவனுடைய முகத்தில் இருந்ததுதான் இருந்தது.

வெளியே போய் இருவரும் பேசிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வரச் சொன்னார் நீதிபதி. சட்டத்தரணிகள் இல்லாமல் என்றும் சொன்னார்.

விறாந்தையில் றஹீம் அவனைக் கடந்து போனார். நின்றார்.

"எதுக்குன்னு முன்னுக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி."

அவன் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது.

விறாந்தையின் கடைசியில் ஒரு வாங்கு இருந்தது. சிவசக்தி ஒரு முனையில் உட்கார்ந்தாள். ஜெயகுமார் உட்காரவில்லை, தூணில் சாய்ந்து நின்றான். சற்று நேரம் இருவரும் நீதிமன்றத்து முற்றத்தில் நாய் ஒன்று படுக்க இடம் தேடுவதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் முட்டை அவித்துக் கொடுத்தேன் என்று அவள் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்கு எங்கே பிசகியது என்று பார்ப்பவள்போல் சொன்னாள். தெரியும் என்றான் அவன். தெரிந்திருக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

பிறகு அவன், வவுனியாவுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டான். விடியக் கருக்கலில் ஏறினால் பொழுது சாய இறங்கலாம், இரண்டு இடத்தில் பஸ் மாற வேண்டும் என்றாள். அவன் அந்தப் பாதை முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். வெலிமடை, நுவரெலியா, இறம்பொடை வளைவுகள், கண்டி. முன் சீட்டில் ஒரு பிள்ளை, மடியில் சொப்பிங் பேக். வேறு சாரதி. பீலி எங்கே இருக்கிறது என்று தெரியாத சாரதி.

இப்போது உள்ளே போய், போகக் கூடாது என்று அவன் சொன்னால், வழக்கு இன்னும் ஒரு வருசம் இழுக்கும் என்று சிற்றம்பலம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதற்குள் இடமாற்றம் கைவிட்டுப் போனாலும் போகும். இழுத்தால் பிள்ளை பதுளையிலேயே இருப்பாள். சனிக்கிழமை வருவாள். அப்புத்தளையில் வாந்தி எடுப்பாள், பொத்தானைப் பூட்டிக்கொள்வாள், தந்தா என்பாள். விட்டுவிட்டால் வாந்தி இருக்காது. அவளும் இருக்க மாட்டாள்.

நாய் படுத்துவிட்டது.

"கூட்டிட்டுப் போ" என்றான். "ஆனா அவ இங்க வர வேணாம். லீவுக்கு மட்டும் வரட்டும், நீ கூட வா. மத்தபடி நா வாறேன் அங்க."

சிவசக்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களா? பஸ்லயா?"

"ஏன்?"

"கல்யாணத்தன்னிக்கு நுவரெலியாக் கோயிலுக்குப் போன வேன் வெலிமடையத் தாண்டல. மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லன்னு எறக்கி, எங்க மாமா மோட்டர் சைக்கிள்ல ஏத்தியாந்தாங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள்தான் தனக்கு வசதி என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, காரணத்தை மட்டும் மறந்திருந்தான். அவன் தூணைவிட்டு நகர்ந்து வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"ஒங்க வயித்தத்தான் அப்பிடியே எடுத்துட்டு வந்திருக்கா" என்றாள் அவள். சிரித்தமாதிரியும் இருந்தது, அழுகையை அடக்கியமாதிரியும் இருந்தது. அவன் எதுவென்று பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஜெயகுமார் தனக்கு எதிர்ப்பில்லை என்று சொன்னான். பாடசாலை விடுமுறையில் பாதி தகப்பனிடம், மற்றக் காலத்தில் தகப்பன் விரும்பும்போது வவுனியாவுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நீதிபதி எழுதினார். பிள்ளை பயணம் செய்யும்போது தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். சிற்றம்பலம் வழக்குக் கோவையைக் கட்டிக்கொண்டே, நல்லாத்தான் வந்த கேஸ் தம்பி என்று மட்டும் சொன்னார்.

விசயம் ஹல்துமுல்லைக்கு அவனுக்கு முன்பே வந்துவிட்டது. நீதிமன்றத்தில் தன் பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள் என்று கேள்விப்பட்ட முதலாளி பயந்துபோனார். இனி ஆள் இல்லாமல் பிள்ளை ஏற்றக் கூடாது, பார்சல் ஏற்றக் கூடாது, சேவல் கிட்டவே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். வழியெல்லாம் உள்ள லயங்களில் அது அடுப்படிவரை போயிற்று. வெலிமடை விதைக் கிழங்கு வரவில்லை. தைத்த சட்டை பதுளையில் கிடந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த வேலாயிக்கு மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை அந்த பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தது. ஜெயகுமார் வேலைக்குப் போகும்போதெல்லாம் அவள் வாசலில் நின்றாள்.

"புள்ளைக்குத்தான் கேஸ் போட்டேன்னு நெனச்சேன். என் மாத்திரைக்கும் சேத்துப் போட்டுட்டியாடா?"

 பிறகு அவனே மோட்டார் சைக்கிளில் பதுளைக்குப் போய் அவளுடைய மாத்திரையை வாங்கி வந்தான். அடுத்த மாதம் இன்னும் நாலு பேருடைய மருந்தும் அவன் தலையில் விழுந்தது. கொடுக்கும்போது யாரும் நன்றி சொல்லவில்லை. கடனைத் திருப்பி வாங்குகிறவர்கள்போல் வாங்கிக்கொண்டார்கள்.

தை மாதம் சிவசக்தியும் பிள்ளையும் வவுனியாவுக்குப் போனார்கள். போகுமுன் கடைசிச் சனிக்கிழமை சிவசக்தியே பிள்ளையோடு றஹீமின் பஸ்ஸில் வந்தாள். சந்தியில் இறங்கினாள், தோட்டத்துப் பக்கம் நடக்கவில்லை. யதுஷா தகப்பனிடம் ஓடிவந்தாள். ஸ்வெட்டர் அவள் இடுப்பில் கட்டியிருந்தது. சட்டையின் மார்பு நனைந்திருந்தது, மறைக்க இனி ஒன்றுமில்லை. றஹீம் சாரதி ஆசனத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மாசி கடைசியில் ஜெயகுமார் முதல் தடவையாக வவுனியாவுக்குப் புறப்பட்டான். மலைக்குளிர் விட்டிருக்கவில்லை, ஸ்வெட்டர் போட்டிருந்தான். பண்டாரவளைவரை போக அந்த நேரத்துக்கு றஹீமின் பஸ்தான் இருந்தது. சந்தியில் ஏறியவன் பின்னால் போகப் பார்த்தான். றஹீம் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். முன்னால் ஒற்றைச் சீட்டில் ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"எழும்புங்க நானா" என்றார் றஹீம் அவரிடம். "முன் சீட்டுக்காரர் வாறாரு."

கடைக்காரர் வளர்ந்த ஆம்பிளை ஒருவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழும்பினார். ஜெயகுமார் உட்கார்ந்தான். சீட் தாழ்வாக இருந்தது. முழங்கால் என்ஜின் மூடியில் இடித்தது. பாதை முழுவதும் கண்ணாடியில் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க நாலைந்து சொற்களைச் சேர்த்து வைத்திருந்தான். பெரகலையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவை போன இடம் தெரியவில்லை. வாயில் தண்ணீர் ஊறியது. றஹீம் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டி, முன்னால் செருகியிருந்த சொப்பிங் பேக் ஒன்றை உருவி அவன் மடியில் போட்டார்.

அப்புத்தளையில் நிறுத்தினார். கடைக்குப் பின்னால் என்று கையைக் காட்டினார். ஜெயகுமார் பீலியில் முகம் கழுவினான். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. கால் வைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பெரியவர்களுக்குத் தேவையில்லாத உயரத்தில், இன்னொரு கல் யாரோ தூக்கி வைத்ததாக இருந்தது. பிள்ளை ஏறி நிற்க வைத்த கல். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஹோன் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து ஏறியதும் றஹீம் பாதித் தேசிக்காயைக் கொடுத்தார்.

"நானா..." என்று தொடங்கினான் ஜெயகுமார்.

"பேசாதீங்க தம்பி. பேசுனா திரும்ப வரும்" என்றார் றஹீம். "ரோட்டப் பாருங்க. இந்த வளைவுல எல்லாருக்கும் வரும்."

பண்டாரவளைவரை அவர்கள் வேறொன்றும் பேசவில்லை. அடுத்த வருசம் றஹீம் மௌத்தானபோது, சொல்லாமல் போன அந்த நாலைந்து சொல்லை நினைத்து ஜெயகுமார் மையவாடிக்குப் போகும் சனத்தோடு கடைசியாக நடந்து போனான். ஆனால் அது பிறகு.

பண்டாரவளையில் மாறி, கண்டியில் மாறி, வவுனியாவில் அவன் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆனாலும் தரையிலிருந்து சூடு எழும்பியது. ஆண்கள் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு நடந்தார்கள். பஸ் நிலையத்துக் கடை நிழலில் சிவசக்தியும் யதுஷாவும் நின்றார்கள். கைபேசியை எடுத்து, எறங்கியாச்சு என்று எழுதப் போனவன், எதிரே அவர்களைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான்.

யதுஷா ஓடிவரவில்லை. நின்று அவனை உற்றுப் பார்த்தாள். அந்த வெயிலில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வரும் ஒரே ஆள் அவன்தான். கிட்ட வந்து, மேல் பொத்தானில் கையை வைத்தாள்.

"எங்க வச்சு வந்துச்சுப்பா?"

"மொதல்ல அப்புத்தளை. பெறகு இறம்பொடை" என்றான்.

அவள் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். ஒன்று, அதற்குக் கீழே ஒன்று.

"அப்புத்தளையில எல்லாருக்கும் வரும்" என்றாள்.